கே.பி. என்று எழுதிய டப்பா

அத்தியாயம் ஆறு

ஹௌகிவாராவில் யாரும் வம்பு பேசுவதில்லை. ஊரின் ஒரே கடையில் பால் எடுக்கப் போனால் அடுத்தவர் கூடையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். பார்த்ததை வீட்டில் சொல்வார்கள். வீட்டில் கேட்டவர்கள் சௌனா என்னும் நீராவி அறையில் வியர்த்தபடி இன்னும் நாலு பேரிடம் சொல்வார்கள். அதைப் போய் வம்பு என்று நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு மனிதர் தானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, என் மச்சானை நான்தான் கொன்றேன் என்று உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்? பலகாரம் வரும்.

இல்போ கெம்பைனன் வரவேற்பு மேசையைக் கண் நிறையப் பார்த்தார். ஏலக்காய் ரொட்டி, மீன் வைத்துச் சுட்ட கம்பு ரொட்டி, காரட் பணியாரம், மூடி போட்ட ஒரு பானை நிறைய மான் கறிக் குழம்பு. எல்லாம் உள்ளே அறையில் இருக்கும் எஸ்கோ ஹெய்குராவுக்கு.

"தலைவரே, நானும் யாரையாவது போட்டுத் தள்ளலாம்னு இருக்கேன். என் வீட்ல ஏலக்காய் ரொட்டி சுட்டு ரொம்ப வருஷமாச்சு."

"முதல்ல அந்த ரொட்டியைக் கீழ வைங்க" என்றாள் வாப்பு ருஸ்கானன், தலையைத் தூக்காமல்.

வாப்பு ஹெல்சிங்கியிலிருந்து மாற்றலாகி வந்த துப்பறியும் அதிகாரி. இல்போ அவளைவிடப் பதினைந்து வயது மூத்த உதவியாளர். கார் ஓட்டுவார், குறிப்பெடுப்பார், யாருடைய கொழுந்தியாள் யாரோடு பேசுவதில்லை என்பதை எடுத்துச் சொல்வார். கடைசி வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று ஊரில் பேச்சு.

நடந்தது இது. போன ஞாயிற்றுக்கிழமை கௌகோ பீராய்னன் தன் கொட்டகைப் படியில் நின்று ஒரு காக்காயைக் குறிபார்த்தார். துப்பாக்கி காக்காயை விட்டுவிட்டுக் கௌகோவைப் பிடித்துக்கொண்டது. அதன் பின்பக்கம் வெடித்துச் சிதறி, அடுக்களையிலிருந்து மனைவி ஔனே ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. படியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடந்தது. மூடியில் கறுப்பு மையில் 'கே.பி.' என்று எழுதியிருந்தது, கையெழுத்து எஸ்கோவுடையது. தோட்டாக்களும் எஸ்கோ வீட்டில் அடைத்தவை. மிச்சமிருந்தவற்றைப் பிரித்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்றில் மட்டும் வெடிமருந்து நாலு மடங்கு இருந்தது.

எஸ்கோ ஔனேயின் அண்ணன். ஊர் வேட்டைக் கூட்டத்தின் தலைவர். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவி, புது மருந்து அளந்து போட்டு, புது குண்டு பொருத்தி ஊரில் பாதிப் பேருக்குக் கொடுப்பவர். கௌகோ எப்படிப்பட்டவர் என்று கேட்கிறீர்களா? செத்தவரைப் பற்றித் தவறாகப் பேசக் கூடாது. காட்டுப் பாதைக்குக் குறுக்கே கதவு போட்டவர், எல்லார் நாயைப் பற்றியும் புகார் கொடுத்தவர், வசந்தகாலக் கூட்டத்தில் எழுந்து நின்று, எஸ்கோவுக்கு வயசாகிவிட்டது, வேறு தலைவர் பார்க்க வேண்டும் என்று சொன்னவர். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆகவே காரணமும் கிடைத்தது, டப்பாவும் கிடைத்தது, ஒப்புதலும் கிடைத்தது. காலையில் வண்டி வந்து எஸ்கோவைக் கயானி நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போகும். நடைவழிப் பெஞ்சில் மட்டும் ஒருத்தி அதை ஒப்புக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். எஸ்கோவின் மகள் மாரெத். மாவட்டச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவள்.

"எங்கப்பா கொலை பண்ணல" என்றாள், கதவு திறக்கும்போதெல்லாம்.

"அவரே பண்ணினேன்னு சொல்றாரே, மாரெத்து" என்றார் இல்போ.

"பொய் சொல்றார். ஏன்னு கண்டுபிடிக்கத்தானே நீங்க இருக்கீங்க? வண்டி வர்றதுக்குள்ள அவர் வீட்டுக்கு வரணும். ஒரு தடவை அந்த வண்டியில ஏறிட்டா அவர் திரும்பி இந்த ஊர்ல நடமாடமாட்டார். எனக்குத் தெரியும் அவரை."

வாப்பு உறையிலிருந்த டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இல்போ, விஷம் வெக்கிறவன் டம்ளர்ல பேரை எழுதி வெப்பானா?"

"எங்க ஊர்ல வெப்பாங்க தலைவரே. ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல தயிர் டப்பாவுலகூட எழுதித்தான் வெக்கிறோம்."

"கே.பி.ன்னா கௌகோ பீராய்னன்னு முதல்ல சொன்னது யாரு?"

இல்போ தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் அறிக்கையில் அதைக் கண்டுபிடித்து எழுதியவர் அவரேதான். மனைவியிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார்.

"கிளம்புங்க" என்றாள் வாப்பு. "அந்த டப்பா எஸ்கோ வீட்டுலேர்ந்து கௌகோ வீட்டுக்கு எப்படிப் போச்சுன்னு யாருமே கேக்கல."

ஔனே பீராய்னன் அழுது முடித்த முகத்தோடு காப்பி ஊற்றினாள். அந்தப் பக்கத்தில் காப்பி குடிக்காமல் கேள்வி கேட்பது வீட்டுக்காரரை அடித்ததற்குச் சமம். வாப்பு இரண்டாவது கோப்பையில்தான் பேச்சை எடுத்தாள்.

"அன்னிக்கு சத்தம் எப்படி இருந்துச்சு?"

"இடி விழுந்த மாதிரி. அதனாலதான் ஓடினேன். இல்லன்னா நான் ஏன் அடுப்பை விட்டுட்டு ஓடறேன்? அவர் காக்கா சுடறது எனக்குக் கேக்கவே கேக்காது. அலமாரியைச் சாத்தற மாதிரி 'தொப்'புனு ஒரு சத்தம் வரும். பூனை விட்டுடுச்சுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு வேலையப் பாப்பேன்."

வாப்பு மேசைக்கு அடியில் பார்த்தாள். "எந்தப் பூனை?"

"இந்த வீட்ல பூனையே கிடையாது. அவருக்கு ஆகாது. பக்கத்து வீட்டுப் பூனை நம்ம பூச்செடிகிட்ட நின்னுச்சுன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்த மனுஷன்."

"நான்தான் எழுதி வாங்கினேன்" என்றார் இல்போ. "பூனையை நேர்ல விசாரிக்கச் சொன்னார்."

"அப்ப எந்தப் பூனை எதை விட்டுச்சு?"

இல்போவுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. இருமி, துடைத்து, கண்ணீர் வழியச் சிரித்தார். "அய்யோ தலைவரே, அது பூனைக்குசு! மானுக்குச் சுடற தோட்டா ஊரையே எழுப்பிடும். காக்காய்க்கு அது எதுக்கு? அதே கூட்டுல ஒரு சிட்டிகை மருந்து மட்டும் போட்டு அடைப்பாங்க. மருந்து வேற, அளவு வேற. சத்தமே வராது, பூனை பின்னாடி விட்ட மாதிரி இருக்கும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அந்தப் பேருதான். கிஸ்ஸன் பியேரு."

கிஸ்ஸா என்றால் அங்கே பூனை. பியேரு என்றால் மற்றது.

"மறுபடி சொல்லுங்க" என்றாள் வாப்பு.

"கிஸ்ஸன் பியேரு."

"அதைச் சுருக்கி டப்பா மேல எழுதினா?"

இல்போவின் வாய் திறந்தது. கோப்பை பாதி வழியில் நின்றது. "கே..." என்றார். பிறகு, ரொம்ப மெதுவாக, "பி."

வேட்டைக்காரர்களின் ஊரில் பிறந்து வளர்ந்தவர், செத்தவர் பெயர் அழகாகப் பொருந்திவிட்டதே என்று வேறு எதையும் யோசிக்காமல் இருந்திருக்கிறார். தன் காதை யாராவது திருகினால் தேவலை போலிருந்தது அவருக்கு.

"அந்த டப்பாவை எஸ்கோவா கொண்டுவந்து கொடுத்தார்?" என்று ஔனேயிடம் கேட்டாள் வாப்பு.

"இல்ல. இவர்தான் எடுத்துட்டு வந்தார். சௌனாவுக்குப் போயிருந்தோம் அண்ணன் வீட்டுக்கு. ஷெல்ஃப்ல பார்த்திருக்கார். வீட்டுக்கு வந்து என்கிட்ட காட்றார்: 'பாரு ஔனே, என் பேரு போட்டு வெச்சிருக்கான். மீட்டிங்ல அவ்வளவு பேசிட்டேன், ஆனாலும் எனக்குன்னு தனியா பண்ணி வெச்சிருக்கான் உங்கண்ணன்'னு." ஔனே மேசைத் துணியின் நுனியை நீவினாள். "இந்த மேசை மேலயே வெச்சிருந்தார், சுடாம. வர்றவங்க போறவங்க கண்ணுல படட்டும்னு. யாரும் வரல. அப்புறம் ஞாயித்துக்கிழமை காக்கா வந்துச்சு."

காரில் ஏறியதும் இல்போ ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினார். "கொலையே இல்ல தலைவரே! எஸ்கோ தனக்குன்னு வெச்சிருந்தது. இவர் தன் பேருன்னு நெனச்சு லவட்டிட்டு வந்துட்டார். மாரெத்துக்கு போன் போடவா? பாவம், அந்தப் பெஞ்சு தேஞ்சுபோச்சு."

"பொறுங்க."

"ஏன்? இதைவிட நல்ல சேதி என்ன இருக்கு?"

"கே.பி.ன்னா கௌகோன்னு இருந்தவரைக்கும் டப்பா ஒண்ணுதான், இல்போ. அது நம்மகிட்ட பூட்டி வெச்சிருக்கு." வாப்பு சீட் பெல்ட்டைப் போட்டாள். "கே.பி.ன்னா பூனைன்னா, எத்தனை டப்பா?"

இல்போவின் கால் தானாக கிளட்ச்சிலிருந்து எழுந்துவிட்டது. கார் ஔனேயின் வாசலிலேயே விக்கி நின்றது.

நிலையத்தின் உள்ளறையில் எஸ்கோ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவர். ஊரில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் இளசுகள் எல்லாம் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். முன்னால் இருந்த ரொட்டியை அவர் தொடவில்லை.

"எஸ்கோ, பூனைக்குசுவைச் சுருக்கமா எப்படி எழுதுவீங்க?" என்றாள் வாப்பு.

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு இல்போவைப் பார்த்தார், நீயுமா என்பது போல.

"கொலைன்னே எழுதிக்குங்களேன்" என்றார்.

"பண்ணாத கொலையை எதுக்கு எழுதணும்?"

"கொலை பண்ணினவனுக்கு ஒரு காரணம் இருக்கும். ஊர்ல நாலு பேர் ஞாயம் பேசுவாங்க. பேசறாங்களா இல்லியா, இல்போ?"

"பேசறாங்க" என்றார் இல்போ. "குழம்புகூட வந்திருக்கு."

"மருந்துக் கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு டிவி பார்த்தவனுக்கு என்ன ஞாயம் இருக்கு?"

வாப்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நானே சொல்லிக் கொடுக்கிறவன்" என்றார் எஸ்கோ. "மேசை மேல ஒரே மருந்து. அறையில ஒரே ஆள். காதுல ஒண்ணும் விழக் கூடாது. வருஷா வருஷம் இதையே சொல்றேன்."

"அப்புறம் டிவி எதுக்கு?"

"ஹாக்கி. ஸ்வீடன்கூட."

இல்போ தன்னையறியாமல் தலையாட்டினார். வாப்பு திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்.

"குழி போட்ட கட்டையில கூடுகளை வரிசையா நிக்க வெச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி போடுவேன். முதல் கோல் விழுந்துச்சு. எழுந்து குதிச்சேன். உக்காந்து பார்த்தா எதுவரைக்கும் போட்டேன்னு தெரியல. சரின்னு முதல் வரிசையிலேர்ந்து ஆரம்பிச்சேன். அப்புறம் இன்னொரு கோல். அப்புறம் இன்னொண்ணு."

"கூட்டுக்குள்ள பார்த்தா தெரியாதா?"

"மானுக்குப் போடற தோட்டான்னா கழுத்து வரைக்கும் மருந்து. இன்னொரு கரண்டி விழுந்தா மேசையெல்லாம் கொட்டும், தப்பு பண்ணவே முடியாது. இது வேகமா எரியற மருந்து, அடியில ஒட்டிக்கிட்டு இருக்கிற அளவு. நாலு கரண்டி போட்டாலும் உள்ள இருட்டுதான் தெரியும். டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பாக்கணும். எப்பவும் பார்ப்பேன்."

"அன்னிக்கு?"

எஸ்கோ தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "ஜெயிச்சிட்டோம்" என்றார்.

இல்போ ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் மனைவி நேரில் இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

"மத்த டப்பாவெல்லாம் எங்க?" என்றாள் வாப்பு.

"எல்லாத் தோட்டாவையும் கலந்துதான் டப்பாக்கள்ல போட்டேன். கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தேன். யாருன்னு எல்லாம் ஞாபகம் இல்ல."

"கௌகோ செத்தப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. ஊர்ல எத்தனை வீட்ல அது இருக்குன்னு தெரிஞ்சும் இங்க வந்து உக்காந்துக்கிட்டு..."

"மான் சீசன் ஆரம்பிக்குது. இப்ப யாரும் பூனைக்குசுவைத் தொடமாட்டாங்க. வசந்தம் வரைக்கும் அலமாரியிலதான் கிடக்கும். அதுக்குள்ள எப்படியாவது..."

"எப்படி? ஜெயில்லேர்ந்தா?"

எஸ்கோவின் தங்கை கணவர் மான் சீசன் ஆரம்பிக்கிற இதே நேரத்தில்தான் அதைத் தொட்டார் என்பதை எடுத்துச் சொல்ல வாப்புவுக்கு மனம் வரவில்லை. அவருக்கு அது தெரியாதா என்ன?

வெளியே வந்ததும் அவள் மாரெத்திடம் நேராகவே சொன்னாள். "கொலை வழக்கு இல்ல. காலையில வண்டி வராது. கவனக்குறைவுன்னு ஒரு வழக்கு நடக்கும், ஆனா அப்பா இன்னிக்கே வீட்டுக்கு வரலாம்." எப்படி நடந்தது என்பதையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

மாரெத் எல்லாவற்றையும் நின்றபடி கேட்டாள். ஸ்வீடன் ஆட்டம் என்று வந்த இடத்தில் மட்டும் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். "சௌனா சூடு பண்ணிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வேட்டைக் கூட்டத்தின் போன் குழுவில் இல்போ செய்தி போட்டார்: கே.பி. என்று எழுதிய தோட்டாவை யாரும் சுட வேண்டாம், உடனே நிலையத்தில் கொடுக்கவும். ஒவ்வொருவராகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இல்போ தன் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார், அதுவும் எச்சரிக்கை செய்யத்தான்.

இருட்டுவதற்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஐஸ்கிரீம் டப்பா, பிஸ்கட் தகரம், ஒருவர் கம்பளிக் காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். மேசையில் வைப்பார்கள், குளிர்கிறது என்பார்கள், போய்விடுவார்கள். எஸ்கோ சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று நேற்றுவரை கேட்டவர்கள் அவர் இருக்கும் அறைப் பக்கமே திரும்பவில்லை.

"இது கே.பி. இல்லயே. பெரிய தோட்டா. இதுல ஒரு கோளாறும் வராது" என்றார் இல்போ, கடைக்காரர் எய்லா நீட்டிய பெட்டியைப் பார்த்து.

"இருக்கட்டும்" என்றாள் எய்லா. "ஹாக்கி கோலுக்காகவாமே?"

"ஆமா."

"எங்க வீட்ல சின்னப் பையன் இதைத்தான் வெச்சு சுட்டுப் பழகினான்." அவள் மேசையின் மறுகோடிக்குப் போனாள். முந்தாநாள் அவள் கொண்டுவந்த பானை அங்கேதான் இருந்தது. காலியாக இருந்தால் எடுத்துப்போவதில் தப்பில்லை. அது நிரம்பித்தான் இருந்தது. எய்லா மூடியை அழுத்திச் சரிசெய்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் காரட் பணியாரத்தை எடுத்துக்கொண்டாள்.

கொலைகாரனுக்குச் சமைத்துப் போட்ட ஊர் அது. இல்போவின் கண் முன்னாலேயே மேசையில் ஒரு பக்கம் காலியாகிக்கொண்டு வந்தது, மறு பக்கம் நிரம்பிக்கொண்டு வந்தது.

மாரெத் கடைசியாக வந்தாள். கையில் அப்பாவின் கம்பளிக் கோட்டு. வாப்பு போய் அறைக் கதவைத் திறந்தாள். எஸ்கோ பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். மேசையைப் பார்த்தார். தான் அடைத்துக் கொடுத்த அத்தனையும் குவிந்து கிடப்பதைப் பார்த்து, கயிறு ஒன்று அவிழ்ந்திருப்பதுகூடத் தெரியாமல் நின்றார்.

மாரெத் கோட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் குவியலின் மேல் வைத்தாள். அதில் பெயர்ச் சுருக்கம் இல்லை. மாரெத் என்று முழுப் பெயர்.

"இதை நீ எடுத்துட்டுப் போ" என்றார் இல்போ அவசரமாக. மூடியைத் திறந்து காட்டினார். "மானுக்குப் போடறது இது. இதுல தப்பு நடக்கவே முடியாதுன்னு உங்கப்பாவே சொன்னார். சனிக்கிழமை வேட்டைக்கு எதை வெச்சு சுடுவே?"

"கடையில வாங்கிட்டேன்."

"அப்பா கையால போட்டது, மாரெத்து..."

"தெரியும்."

இல்போ எஸ்கோவிடம் திரும்பினார். குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. "எஸ்கோ, நீங்களே சொல்லுங்க அவகிட்ட. இது நல்ல தோட்டாதானே?"

எஸ்கோ மேசை அருகே வந்தார். மகளின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். காதோரம் வைத்துக் குலுக்கினார். விளக்கின் கீழ் உருட்டிப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். சொல்லுங்கள் என்று இல்போ மனதுக்குள் கத்தினார். நல்லது என்று ஒரு வார்த்தை, பொய்யானாலும் பரவாயில்லை. மாரெத் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றாள் என்பது அப்போதுதான் இல்போவுக்குப் புரிந்தது.

எஸ்கோ தோட்டாவை அதன் குழியில் திரும்ப வைத்தார்.

"தெரியலம்மா" என்றார்.

மாரெத் தலையாட்டினாள். கோட்டை விரித்துப் பிடித்தாள். அவர் ஒரு கையை நுழைத்துவிட்டு மறு கையை நுழைக்க இடம் தெரியாமல் தடுமாற, அவளே அதைப் பிடித்து உள்ளே விட்டாள். வெளியே காரின் கதவுகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. டப்பாவை அவள் எடுத்துப்போகவில்லை.